மாசி மாதத்துக் காலை உலா: திருப்புலி நாட்டுக் கொல்லைகளில் காணும் பறவைகளும் பூச்சிகளும்

மாசி மாதம் பிறந்து காலைப் பனி மெல்ல விலகத் தொடங்கும் இச்சமயம் மலைக் குடியானவர்களுக்கு வேலை குறைந்த காலம் என்பது பொதுவான எண்ணம். சாமை, தினை, கேழ்வரகு முதலியவை களம் கண்டு வீடு சேர்ந்துவிட்டன. பள்ளவயல்களில் நெல் அறுத்த தாள் மாத்திரம் நிற்கின்றது. மிளகு பறிக்கும் தோட்டங்களைத் தவிர மற்ற இடங்களில் ஆள் நடமாட்டம் அதிகமில்லை. ஆனால் மழை நின்று வெயில் ஏறும் இந்த மாசி, பங்குனி மாதங்களிலேதான் பல பூச்சிகள் விரைந்து பெருகுகின்றன. அவற்றைத் தின்று பிழைக்கும் வேறு பூச்சிகளும் அவற்றைப் பின்தொடர்ந்து பெருகுகின்றன. இவ்விரண்டு வகையையும் பிரித்தறியப் பழகாதவர், பின்னால் மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தம் நண்பர்களைக் கொல்வதற்கே செலவிடுகிறார் என்பது என் இருபது வருஷ அனுபவத்தில் கண்ட உண்மை.

கீழே எழுதப்படுவன கொல்லிமலையில் திருப்புலி நாட்டைச் சேர்ந்த ஒரு பட்டாதாருடன் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையில் அவருடைய நிலங்களைச் சுற்றிவந்தபோது கண்ட விஷயங்களாம். இம்மலை நாமக்கல் ஜில்லாவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி முதல் 4,000 அடி வரை உயரமுள்ளது. 1997-ம் வருஷத்துக்கு முன் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இங்கே ஒரு குடும்பத்தின் நிலம் என்றால் பள்ளத்தில் நெல்வயல், அதற்கு மேலே சரிவில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக் கொல்லை, வீட்டை அடுத்துக் காபியும் மிளகும் பலாவும் கலந்த தோட்டம் என்று மூன்று விதமாக இருப்பது வழக்கம். ஆகையால் ஒரு நாழிகை நடந்தால் மூன்று வகைப் பிராணிக் கூட்டங்களைப் பார்த்துவிடலாம். இந்தப் பட்டாதாரோடு நடப்பதற்கு எனக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்லுகிறேன்.

கையில் கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் இரண்டு மூன்று, அவற்றின் வாயைக் கட்ட நெருக்கமாக நெய்த மெல்லிய துணி, கொஞ்சம் நூல், குறிப்பெழுதும் நோட்டு ஆகிய இவை போதும். தொலைநோக்குக் கண்ணாடி இருந்தால் நலம், இல்லாமற்போனாலும் குறையில்லை. முக்கியமாக வேண்டுவது பொழுது விடியும்போதே புறப்படும் வழக்கம். சூரியோதயத்திலிருந்து இரண்டு மணி நேரம் பறவைகள் மும்முரமாக இரை தேடும். அதே நேரத்தில் பூச்சிகள் குளிரில் விறைத்து இலைமேலேயே அசையாமல் இருப்பதால் அருகில் சென்று பார்க்க முடியும். எட்டு மணிக்கு மேல் இந்த வசதி போய்விடும். ஆனால் தேனீக்களைப் பார்க்க அந்த நேரந்தான் ஏற்றது.

முதலில் பள்ளவயலில் இறங்கினோம். தாள் நின்ற வயலில் மேய்ந்த மாடுகளின் காலடியில் உண்ணிக்கொக்குகள் ஆறு நடந்தன. மாடு அடி எடுத்து வைக்கும்போது எழும்பும் வெட்டுக்கிளியையும் தத்துப்பூச்சியையும் அவை கவ்வுகின்றன. வாய்க்கால் ஓரத்தில், வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஒரு சிறு குருவி ஓடிற்று. முதுகு சாம்பல், அடிவயிறு மஞ்சள். இது வாலாட்டிக் குருவியின் ஒரு வகை. நம் மலையில் பிறந்தது அன்று. இமயமலைப் பக்கத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டுவது. புரட்டாசி வாக்கில் வந்து, நீரோரத்துக் கொசுக்களையும் சிறு புழுக்களையும் தின்றுவிட்டு, பங்குனி சித்திரையில் திரும்பிவிடுகின்றது. அடுத்த மாதம் இந்த வாய்க்காலுக்கு வருகிறவர்கள் இதைக் காணமாட்டார்கள்.

வரப்பு மேட்டில் கொண்டலாத்தி ஒன்று நீண்ட வளைந்த அலகால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. தலைமேல் விசிறிபோல விரியும் கொண்டையால் இதை எளிதில் அறியலாம். சிறு பிள்ளைகள் மரங்கொத்தி என்று சொல்லுவார்கள், அது பிழை. மரங்கொத்தி மரத்தில் ஏறும், இது தரையில் நடக்கும். இதன் அலகு தேடுவது மண்ணுக்குள் கிடக்கும் வெட்டுப்புழு, பிள்ளைப்பூச்சி, கூட்டுப்புழு ஆகியவற்றை. காய்கறி நாற்றை இரவில் அடியோடு வெட்டிச் சாய்க்கும் புழுவை நாம் மருந்தால் எட்டுவது கடினம், கொண்டலாத்தி எட்டுகின்றது.

ஒரு காய்ந்த கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. சில ஊர்களில் வலியன் என்றும் இரட்டைவால் குருவி என்றும் இதற்குப் பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்து பறந்து, காற்றில் ஒரு அந்துப்பூச்சியைப் பிடித்து, திரும்பவும் அதே கிளைக்கு வந்தது. இதன் குணம் இதுதான்: உயரமான ஓர் இருக்கை இருந்தால்தான் வேட்டையாடும். மரமில்லாத வெட்ட வெளிக் கொல்லைகளில் குறுக்குச் சட்டம் கட்டிய மூங்கிற் கழிகளை ஆங்காங்கே நட்டுவைத்தால், கரிச்சான் கூலியின்றி அங்கே வேலைக்கு வரும். கதிர் முற்றும் சமயத்தில் மாத்திரம் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கும் அதுவே இருக்கையாகிவிடும்.

பறவைகளைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. எல்லாப் பறவையும் பயிருக்குச் சத்துரு என்பது ஒன்று. எல்லாம் மித்திரன் என்பது மற்றொன்று. இரண்டும் பார்க்காமல் பேசுகிற பேச்சு. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் மேசன் என்பவர் பல வகைப் பறவைகளின் இரைப்பைகளை அறுத்து, உள்ளே இருந்தவற்றை எடுத்துப் பிரித்து, 1912-ம் வருஷத்தில் இந்தியப் பறவைகளின் ஆகாரத்தைக் குறித்துப் பெரிய அறிக்கை ஒன்று வெளியிட்டார். ஒரே பறவை ஒரு மாதத்தில் தானியத்தையும் மறு மாதத்தில் புழுவையும் தின்னும் என்பது அத்தகைய பரீட்சைகளால்தான் தெளிவாகின்றது. கிளி பயிருக்குக் கெடுதல் செய்வது, அதில் ஐயமில்லை. சில்லை என்னும் தினைக்குருவி சாமைக் கதிரைத் தின்னும். ஆயினும் தன் குஞ்சுக்குப் புழுவும் ஊட்டும். சீனாவில் 1958-ம் வருஷத்தில் சிட்டுக்குருவியைத் தானியத் திருடன் என்று முடிவு கட்டி, தேசம் முழுதும் தகரத்தைத் தட்டி, அவற்றை உட்கார விடாமல் துரத்திக் கொன்றார்கள். பூச்சிகள் மிகுந்துபோவதைக் கண்டு, 1960-ம் வருஷத்தில் கொல்லவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். பின்னாளில் அதே தேசத்தின் மேற்குக் கோடியில், வெட்டுக்கிளியைத் தின்னும் சூறைக்குருவி கூடு கட்டுவதற்கென்று கற்குவியல்களைச் சர்க்காரே அடுக்கிக் கொடுக்கும்படி ஆயிற்று. அந்தச் சூறைக்குருவிதான் குளிர்காலத்தில் நம் கீழ்நாட்டுச் சோளக் கொல்லைகளுக்குக் கூட்டங்கூட்டமாக வருவது.

வயலை விட்டுக் காபித் தோட்டத்துக்கு ஏறினோம். ஏழெட்டு நாளைக்கு முன் ஒரு மழை பெய்திருந்தது. காபிச் செடி இவ்வகை மழைக்குக் காத்திருந்து, அதன்பின் ஏறக்குறைய ஒன்பது பத்து நாளில் ஒரே சமயத்தில் பூப்பது யாவரும் அறிந்ததே. மொக்குகள் வெண்மையாக நீண்டு, சில செடிகளில் விரிந்தும் இருந்தன. எட்டரை மணிக்கு மலைத்தேனீக்கள் இரைச்சலோடு வந்து சேர்ந்தன. பொந்துத் தேனீ அவற்றுக்கும் முன்னதாகவே வந்துவிட்டது. பலா மரத்துப் பொந்திலிருந்து கொசுத்தேனீக்களும் வந்தன. இவற்றை ஈ என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். நம் மலையில் அதிகமாகப் பயிராகும் அராபிகா ஜாதி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆயினும் தேனீ வந்து சென்ற கிளையில் காய் பிடிப்பது மிகுதி என்று பல தேசத்துப் பரீட்சைகளில் கண்டிருக்கிறார்கள். பூ விரிந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில் தோட்டத்தில் எந்த மருந்தும் தெளிக்கலாகாது. பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் அடிக்கும் மருந்தின் தூறல் காற்றில் இங்கே வருமானால், அதுவும் ஆகாது.

காபித் தண்டில் தேட வேண்டிய பூச்சி வேறு. வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டு கரிய உடலில் வெண்கோடுகள் உடையது. ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவந்து, வெயில் படும் தண்டுகளின் பட்டை வெடிப்பில் முட்டையிடுகின்றது. இப்பொழுது வண்டைக் காண முடியாது. புழு தண்டுக்குள் இருக்கின்றது. தண்டின்மேல் வளையம் வளையமாகத் தடித்த மேடு தெரிந்து, இலை மஞ்சளித்த செடிகளை மார்ச் மாதத்திலேயே கண்டு பிடுங்கி எரித்துவிட்டால், சித்திரையில் வண்டு வெளிவராது. நல்ல செடிகளின் தண்டைச் சாக்குத் துணியால் தேய்த்துப் பொருக்குப் பட்டையை உதிர்த்துவிட்டால் முட்டையிட இடமிராது. நிழல் மரத்தை விலைக்கு விற்றுவிட்டு வெயிலை உள்ளே விட்டவர்களுடைய தோட்டங்களில்தான் இந்த வண்டு அதிகம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகின்றது.

இனி மரவள்ளிக் கொல்லைக்கு வருவோம். நான் எழுத வந்த முக்கிய விஷயம் இங்கேதான் இருக்கின்றது.

2023-ம் வருஷம் மாசி மாதத்தில் இதே பட்டாதார் என்னை அழைத்து, மேல்கொல்லையில் குருத்துக்கள் சுருண்டு வெள்ளையாயிருப்பதைக் காட்டினார். அன்று எனக்கு வேறு ஊரில் ஒரு கூட்டம் இருந்தது. வரப்பிலேயே நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து மாவு தூவினாற்போல் வெளுப்பாயிருந்தது. மாவுப்பூச்சி என்று சொல்லி, ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அவர் சொன்னபடியே இரண்டு தடவை தெளித்தார். பங்குனிக் கடைசியில் நான் திரும்பி வந்தபோது, பணமில்லாமல் தெளிக்காது விட்ட அடுத்த கொல்லைக்காரருடைய செடிகள் புதுக் குருத்து விட்டிருந்தன. இவருடையவை முட்டைக்கோசுபோல முடங்கிக் கிடந்தன. காய்ந்த குருத்துக்களைக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபின்தான், அந்த வெளுப்பில் பெரும்பகுதி மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள் என்பது தெரிந்தது. அவற்றையே நாங்கள் கொன்றுவிட்டோம். அந்த வருஷம் அவருக்கு நடுவதற்குச் சொந்தக் கரணை கிடைக்கவில்லை. வெளியே விலை கொடுத்து வாங்கினார். இந்த வருஷம் கொல்லை வாசலில் நான் சற்று நின்றபோது, "ஐயா, போன தடவை வரப்பிலே நின்றே சொல்லிவிட்டீர்கள். இந்தத் தடவை உள்ளே வாருங்கள்" என்றார். "வருகிறேன், கவுண்டரே" என்று சொல்லி உள்ளே போனேன். வேறென்ன சொல்ல இருக்கின்றது!

பிரித்தறியும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். மரவள்ளியில் இப்பொழுது இரண்டு மாவுப்பூச்சிகளைக் காணலாம். ஒன்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ம் வருஷத்தில் கோயம்புத்தூரில் கண்டது, உடல் மஞ்சள். பப்பாளி, மல்பெரி, பருத்தி என்று பலவற்றையும் பிடிக்கும். மற்றொன்று மரவள்ளி மாவுப்பூச்சி. இது 2020-ம் வருஷத்தில் கேரளத்துத் திருச்சூரில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் முதலிய ஜில்லாக்களிலும் பரவிற்று. இதன் உடல் மாவைத் துடைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு. குருத்தில் கூடி உறிஞ்சுவதால் கணுக்கள் நெருங்கி, இலைகள் சுருண்டு, உச்சி கொத்தாக முடங்கும். இதில் ஆண் வேண்டியதில்லை. பெண் பூச்சி தனியாகவே சில நூறு முட்டைகள் இடும். ஒரு பூச்சி ஒட்டிய ஒரு கரணை போதும், ஒரு கொல்லை கெடுவதற்கு. கனத்த மழை இவற்றை அடித்துக் கழுவிவிடும். மழையில்லாத மாசி, பங்குனி, சித்திரையில் இவற்றுக்குத் தடையில்லை.

அந்த வெளுப்புக்குள் இருக்கும் நண்பர்களை இனிக் காண்போம். மாவுப்பூச்சி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. குச்சியால் தொட்டால் மெதுவாகத்தான் நகரும். அதனிடையே அரை அங்குலம் வரை நீண்டு, முதுகில் வெள்ளை மெழுகு இழைகள் அடர்ந்து தொங்க, தொட்டதும் விரைந்து ஓடுவது இருந்தால், அது பொறிவண்டின் புழு. கிரிப்டோலீமஸ் என்னும் இவ்வண்டு 1898-ம் வருஷத்தில் காபிச் செடியின் செதிற்பூச்சியை அடக்குவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த வண்டு கரிய முதுகும் செம்பழுப்புத் தலையும் உடையது. புழு தன் இரையைப் போலவே வேஷம் பூண்டிருப்பதால் ஏமாந்தவன் நான் ஒருவன் மாத்திரம் அல்லன் என்று என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு.

இன்னொரு பிராணி அதைவிட விநோதமானது. மாவுப்பூச்சிகளின் நடுவில் வெண்மாவால் போர்த்துக்கொண்டு பருத்துக் கிடக்கும் ஒரு கம்பளிப்புழு இருக்கும். கம்பளிப்புழு என்றவுடன் நசுக்கிவிடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் பெரும்பாலும் இலை தின்பவை; இது மாவுப்பூச்சியைத் தின்பது. இதன் கூட்டுப்புழு அரிசியளவே இருந்தாலும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் குரங்கின் முகம் அச்சாகத் தோன்றும். உடன் வந்த பட்டாதார் இதைப் பார்த்துவிட்டுத் தம் பேரனை வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார்; பையன் அன்று பள்ளிக்கூடத்துக்குக் காலதாமதமாகத்தான் போனான்.

எல்லாவற்றிலும் சிறியது, எல்லாவற்றிலும் பயன் மிக்கது, அனாகைரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி. ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் நீளம், கரிய நிறம். மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரித்த புழு அதன் உட்பாகத்தைத் தின்று வளர, மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பாகிக் கெட்டியான ஒரு குடுவைபோல் ஆகிவிடும். ஏறக்குறைய பதினெட்டு நாளில் வட்டத் துளை செய்துகொண்டு புதுக் குளவி வெளியே வரும். ஆகையால் சுருண்ட குருத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, துளையுள்ள பழுப்புக் குடுவைகள் கிடைக்குமானால், அக்கொல்லையில் குளவி வேலை செய்கின்றது என்று அறியவேண்டும்.

இக்குளவியின் வரலாற்றை அறிவது பயனுடையது. மரவள்ளியும் அதன் மாவுப்பூச்சியும் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. 1970-க்குப் பின் சில வருஷங்களுக்குள் இந்தப் பூச்சி மாத்திரம் தன் சத்துருக்களை அங்கேயே விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக்குள் நுழைந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு அன்றாட உணவான கிழங்கு நாடு நாடாக அழியத் தொடங்கிற்று. ஸ்விட்சர்லாந்து தேசத்தவரான ஹான்ஸ் ஹெரன் என்பவர் நைஜீரியாவிலிருந்து இதற்குப் பரிகாரம் தேடினார். 1981-ம் வருஷத்தில் பராகுவே நாட்டில் பூச்சியும் குளவியும் சேர்ந்து கிடைத்தன. குளவியை இங்கிலாந்தில் தனிக்காவலில் வைத்து, வேறெதற்கும் தீங்கு செய்யாதென்று பரீட்சித்து, ஆப்பிரிக்காவில் வளர்த்து விட்டார்கள். அதனால் பஞ்சம் தவிர்ந்தது. ஹெரனுக்கு 1995-ம் வருஷத்து உலக உணவுப் பரிசு கொடுக்கப்பட்டது. தாய்லாந்தில் 2008-ல் பூச்சி வந்தபோது அவர்களும் இக்குளவியையே தருவித்தார்கள். நம் தேசத்தில் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2021-ம் வருஷத்தில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-ம் வருஷம் மார்ச் மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள். நம் மலைக்கும் ஏத்தாப்பூருக்கும் தூரம் அதிகமில்லை. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் 2010-ம் வருஷத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இவ்வாறே ஒரு குளவி வந்து, அந்தப் பூச்சியின் கொடுமையைத் தணித்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

கண்ணால் பார்த்து நிச்சயிக்க முடியாதவர்களுக்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு. கொல்லையின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகச் சுருண்ட குருத்துக்கள் பத்துப் பன்னிரண்டை ஒடித்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நெருக்கமான துணியால் வாயைக் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். உள்ளே நீர் கோத்தால் துணியை மாற்றிக் கட்டலாம். மூன்று வாரம் வரை தினமும் பார்க்க வேண்டும். குளவிகள் துணியின் அடியில் வெளிச்சத்தை நோக்கி ஏறி நிற்கும். அவற்றை எந்தக் கொல்லையில் எடுத்தோமோ அதே கொல்லையில் திறந்துவிட வேண்டும். வேறு கொல்லைக்குக் கொண்டுபோனால் குளவியோடு மாவுப்பூச்சிக் குஞ்சும் கூடப் போய்ச் சேரும்.

குளவியோ பொறிவண்டோ இருக்குமிடத்தில் ரசாயன மருந்து வேண்டாம். ஒன்றுமே காணப்படாமல், முடங்கிய உச்சிகள் பெருகிவருமானால், முதலில் அந்த உச்சிகளை ஒடித்துக் கொல்லைக்குள்ளேயே குழியில் எரித்துவிட்டு, ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைக் குருத்து நனையத் தெளிக்கலாம். நன்றாய்க் காய்ந்த வேப்பம் பருப்பு ஐந்து கிலோவை இடித்து, பத்து லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டராக்கி, இருநூறு கிராம் சோப்புத் தூள் சேர்த்தால் அது கிடைக்கும். அதற்கும் அடங்காவிடில் இலாகா ஊழியரைக் கொல்லைக்குள் அழைத்துப் பாருங்கள். வரப்பில் நிற்க விடாதீர்கள்.

கரணை விஷயத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும். அறுவடையான கொல்லைகளில் கரணைக்கென்று குச்சிகளை அடுக்கிவைப்பது இந்தச் சமயத்தில்தான். உச்சி முடங்கிய செடியின் குச்சியை ஒருபோதும் கரணைக்கு எடுக்கலாகாது. அச்செடி எவ்வளவு கிழங்கு கொடுத்திருந்தாலும் சரி. கீழ்நாட்டிலிருந்து லாரியில் மலிவாக வரும் கட்டுகளை அவிழ்த்துக் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபின்பே வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடங்கலுக்காகப் பயிரைப் பார்வையிடச் செல்லும்போது, முடங்கிய உச்சியை முதன்முதலில் கண்ட தேதியையும் சர்வே எண்ணையும் தனியே ஒரு நோட்டில் குறித்து, உடனே இலாகாவுக்குத் தெரிவித்தால், பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து ஏறிவருகின்றது என்பதை அறிந்து முன்னதாகவே தடுக்க இயலும். வருவாய்க் கணக்குக்கு இது சம்பந்தமில்லாததாகத் தோன்றினாலும், கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகாத வருஷத்தில் இம்மலையில் கடன் கணக்கு ஏறுவதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் வேறொருவருமில்லை.

அன்று அந்தப் பட்டாதாருடைய இரண்டு கொல்லைகளிலிருந்தும் குருத்துக்களை எடுத்துத் தனித்தனியே இரண்டு பாட்டில்களில் கட்டி, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். பேரன் தினமும் பார்த்து நோட்டில் எழுதிவந்தான். பத்தொன்பதாம் நாள் நான் மறுபடியும் போனேன். கீழ்க்கொல்லைப் பாட்டிலில், துணியின் அடியில், எள்ளைக் காட்டிலும் சிறிய கருங்குளவிகள் கைவிரல்களால் எண்ணும் அளவைக் கடந்து ஊர்ந்தன. மேல்கொல்லைப் பாட்டிலில் இரண்டே இரண்டுதான். இரண்டாயினும் 2023-ல் மருந்து தெளித்த கொல்லை அது. மேல்கொல்லையில் முடங்கிய உச்சிகளை மாத்திரம் ஒடித்து எரிப்பதென்றும், இவ்வருஷம் அங்கிருந்து கரணை எடுப்பதில்லையென்றும், இரண்டு கொல்லையிலும் மருந்து தெளிப்பதில்லையென்றும் பட்டாதார் முடிவு செய்தார். பிறகு பையன் ஒரு பாட்டிலையும் அவர் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அவரவர் கொல்லைக்குப் போய்த் துணியை அவிழ்த்தார்கள்.